ரகசியம் கசிய வேண்டும்

கிழித்த நோட்டுத் தாளில் நான்கு சீட்டு: ராஜா, ராணி, போலீஸ், திருடன். மடித்துக் குலுக்கித் தரையில் போட்டதும் ஆளுக்கொன்றாகப் பாய்ந்து எடுப்போம். போலீஸ் சீட்டு கிடைத்தவர் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். மீதி மூவரில் திருடன் யார் என்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் போலீசுக்கு 500. தப்பினால் அந்த 500 திருடனுக்கு. ராஜாவுக்கு எப்படியும் 1000. இந்த மதிப்பெண்கள் எங்கள் தெருவினுடையவை. உங்கள் தெருவில் வேறாக இருந்திருக்கும், மந்திரியும் சிப்பாயும்கூடச் சேர்ந்திருப்பார்கள்.

இந்த ஆட்டம் எங்கள் வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்ததே இல்லை. முதல் பத்து சுற்றுக்கு யாராவது சிரித்துவிடுவார்கள், மாட்டிக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் முகத்தைக் கல்லாக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டதும், போலீஸ் மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் காட்ட வேண்டியதுதான். அதற்குப் பின் யாரோ ஒருவன் திருடன் சீட்டின் மூலையை லேசாக மடித்து வைப்பான். சண்டை வரும், ஆட்டம் கலையும்.

அந்த மடித்த மூலையைப் பற்றி இப்போது யோசித்தால், அவன் ஏமாற்றுக்காரன் மட்டுமல்ல என்று தோன்றுகிறது. ஆட்டத்தில் என்ன குறை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் ரகசியம் இருந்தது, ரகசியம் வெளியே வர வழி இல்லை. போலீசுக்கு யோசிக்க ஒன்றுமே தரப்படவில்லை. எதையும் மறைத்துவிடலாம், ஒரு காகிதத்தை மடித்தால் போதும். மறைத்ததை யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்குக் கசியவிடுவது என்பதில்தான் இந்த வகை ஆட்டங்களைச் செய்பவர்களின் முழு வேலையும் அடங்கியிருக்கிறது.

சதுரங்கத்திலும் ஆடு புலி ஆட்டத்திலும் எல்லாம் பலகைமேல் கிடக்கிறது. தாயத்தில் அடுத்து என்ன விழும் என்று தெரியாதுதான், ஆனால் அது யாருக்குமே தெரியாது, தாயக்கட்டைக்கும் தெரியாது. மறைவு ஆட்டங்களில் நிலைமை வேறு. எனக்குத் தெரியாதது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார், ஆனால் ஆட வேண்டும். ஒவ்வொரு முறை ஆடும்போதும் கொஞ்சம் சொல்லிவிடுகிறார்.

இதை முதலில் நேர்த்தியாகச் செய்துகாட்டிய ஆட்டங்களில் ஒன்று க்ளூடோ. பர்மிங்காமைச் சேர்ந்த ஆண்டனி பிராட் என்பவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாக்கியது. 1944-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பின் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, ஆட்டம் கடைக்கு வர 1949 ஆகிவிட்டது. ஒரு மாளிகையில் கொலை. 6 சந்தேக ஆட்கள், 6 ஆயுதங்கள், 9 அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை எடுத்து உறையில் போட்டுவிட்டு மீதி 18 சீட்டுகளைப் பகிர்ந்துவிடுகிறார்கள். உறைக்குள் இருப்பது 324 வாய்ப்புகளில் ஒன்று. ஆறு பேர் ஆடினால் கையில் மூன்று சீட்டு. அவை வகைக்கு ஒன்றாக அமைந்தால், ஒரு கேள்விகூடக் கேட்காமலே 324 என்பது 200 ஆகிவிடும்.

க்ளூடோவின் சாமர்த்தியம் கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது. மேஜையில் அக்கா கேட்கிறாள்: “கர்னல் மஸ்டர்ட், கயிறு, நூலகம்.” அவளுக்கு அடுத்து இருக்கும் அத்தை, “என்னிடம் எதுவும் இல்லை” என்கிறார். அதற்கடுத்த சித்தப்பா ஒரு சீட்டை எடுத்து அக்காவுக்கு மட்டும் காட்டிவிட்டு மறைத்துக்கொள்கிறார். இந்த ஒரு கேள்வியில் மூன்று விதமான கசிவு. அத்தையிடம் அந்த மூன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சித்தப்பாவிடம் எந்தச் சீட்டு என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். எனக்கோ சித்தப்பாவிடம் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறது என்பது மட்டும் தெரியும். இந்த அரைகுறைச் செய்திதான் தங்கம். அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். கயிறு என் கையிலேயே இருக்கிறது. நான்கு சுற்று கழித்து நூலகம் வேறொருவரிடம் இருப்பது தெரியவருகிறது. அப்போது சித்தப்பா காட்டியது மஸ்டர்ட்தான் என்று, நான் பார்க்காத சீட்டு எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அக்கா தன் கையில் இருக்கும் சீட்டையே கேள்வியில் சேர்த்துக் கேட்கலாம், விதி தடுக்கவில்லை. கயிறு அவளிடமே இருந்தால், சுற்றியிருப்பவர்கள் கயிற்றின் பின்னாலேயே அலைவார்கள். சுத்தமான துப்பறியும் ஆட்டம் என்று பெயர் வாங்கியதற்குள்ளும் பொய் இப்படி ஓசையில்லாமல் நுழைந்துவிடுகிறது. அந்தப் பொய்யை ஒரு சொல்கூடப் பொய்யாகப் பேசாமல் சொல்லிவிடலாம்.

பொய்க்கே இடமில்லாத ஆட்டங்களும் இருக்கின்றன. மாஸ்டர்மைண்டில் ஒருவர் ஆறு நிறங்களில் நான்கு இடங்களுக்கு ஒரு வரிசை வைக்கிறார். மொத்தம் 1296 வரிசைகள். ஒவ்வொரு ஊகத்துக்கும் எவ்வளவு சரி என்று கறுப்பு, வெள்ளைக் குச்சிகளால் பதில் சொல்ல வேண்டும், உண்மையாகச் சொல்ல வேண்டும். எந்த வரிசையையும் ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 1977-ல் கணினி அறிஞர் டொனால்டு க்னூத் காட்டினார். அருமையான ஆட்டம்தான், ஆனால் எனக்கு அது எதிராளியோடு ஆடுவதுபோலவே இருப்பதில்லை. எதிரே இருப்பவர் ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

ஸ்ட்ராட்டீகோ என்ற பலகைப் போர் ஆட்டத்தில் பூட்டுக்குக் கால் முளைக்கிறது. ஆளுக்கு 40 காய்கள், பதவி எழுதிய பக்கம் உடையவரை நோக்கி. குண்டும் கொடியும் நகரக் கூடாது. ஆகவே ஒரு காய் ஒரு கட்டம் நகர்ந்தாலே “நான் குண்டு இல்லை, கொடியும் இல்லை” என்று சொல்லிவிடுகிறது. பல கட்டங்களை ஒரே தாவில் கடந்தால் அது ஒற்றன்காய் என்று அம்பலமாகிவிடும். ஒற்றனை வேண்டுமென்றே ஒவ்வொரு கட்டமாக, பெரிய தளபதி நடப்பதுபோல நடத்திப் போகலாம். அப்படி நடத்துவதுதான் உதார்.

உதார் என்றதும் நம் மனசுக்கு வருவது முகம். கறுப்புக் கண்ணாடி, அசையாத உதடு, சிகரெட் புகை. சினிமா சூதாட்டக் காட்சிகள் செய்த வேலை இது. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

1928-லேயே கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் இந்த வகை ஆட்டங்களுக்கான கணிதத்தைத் தொடங்கிவைத்தார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய நூலில், பணம் கட்டி ஆடும் சீட்டாட்டமான போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். ஆனால் விஷயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி சுருக்கித் தந்தவர் ஹெரால்டு கூன் என்ற கணித அறிஞர். 1950-ல் அவர் அமைத்த போக்கரில் மொத்தமே மூன்று சீட்டு. பெரியதிலிருந்து சிறியதாக ராஜா, ராணி, ஜாக்கி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு சீட்டு, மூன்றாவது கவிழ்ந்து கிடக்கும். இருவரும் நடுவில் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்துவிட்டார்கள்.

முதல் ஆளிடம் ராணி. அவர் பணம் கட்டாமல் விடுகிறார். இரண்டாம் ஆள் ஒரு ரூபாய் கட்டுகிறார். இப்போது நடுவில் மூன்று ரூபாய். முதல் ஆளும் இன்னொரு ரூபாய் போட்டால் சீட்டைத் திறந்து பார்க்கலாம். மடக்கிவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் போச்சு. எதிரே இருப்பது ராஜாவா, ஜாக்கியா?

இரண்டாம் ஆள் நேர்மையானவர், ராஜா வந்தால் மட்டும் பணம் கட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அவர் கட்டியதுமே ராணிக்காரர் மடக்கிவிடுவார். ராஜாவை வைத்துக்கொண்டு அவருக்குக் கிடைப்பது ஆரம்பத்தில் வைத்த அந்த ஒற்றை ரூபாய்தான். ஜாக்கி வரும்போதெல்லாமும் கட்டுகிறார் என்றால் ராணிக்காரர் ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பார், அதில் மொத்தத்துக்கு அவருக்குத்தான் லாபம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. ராஜா வந்தால் எப்போதும் கட்டுவது, ஜாக்கி வந்தால் மூன்றில் ஒரு முறை கட்டுவது. அப்போது அவர் கட்டும் நான்கு முறையில் மூன்று உண்மை, ஒன்று பொய். ராணிக்காரர் நான்கு முறையும் திறந்து பார்த்தால் மூன்று முறை ஒரு ரூபாய் போகும், ஒரு முறை மூன்று ரூபாய் வரும். வரவும் செலவும் சரி. திறந்தாலும் மடக்கினாலும் ஒன்றுதான், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு பொய் ஜெயிப்பதற்காகச் சொல்லப்பட்டதல்ல. ஜாக்கியால் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. எப்போதாவது ஜாக்கி வைத்துக்கொண்டும் கட்டுவார் என்ற சந்தேகம் இருப்பதால்தான் ராஜா வரும்போது எதிராளி இன்னொரு ரூபாய் போடுகிறார். பொய் சொல்லாதவனின் உண்மைக்கு இந்த மேஜையில் விலை கிடையாது. அந்த மூன்றில் ஒன்றையும் மனசு போன போக்கில் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனசுக்கு ஒரு பழக்கம் உண்டு, அந்தப் பழக்கமே கசிந்துவிடும். கடிகார விநாடி முள் முதல் இருபதுக்குள் இருந்தால் உதார், இல்லாவிட்டால் இல்லை என்று முடிவெடுப்பது மேல். தான் அடுத்து என்ன செய்வோம் என்று தனக்கே தெரியாதவரை யார் முகம் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இரண்டு பேரும் தவறே செய்யாமல் ஆடினாலும் கூனின் ஆட்டத்தில் முதலில் பேசுபவர் ஒரு கைக்குச் சராசரியாக 1/18 ரூபாய் இழக்கிறார். கட்டினாலும் விட்டாலும் அவர் ஏதோ சொல்லிவிடுகிறார், மற்றவர் அதைக் கேட்டபின் பேசுகிறார்.

முகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில் பதில் கிடைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமஸ் சாண்டோல்மும் நோவம் பிரவுனும் எழுதிய லிபரேட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாட்கள், 1,20,000 கை போக்கர் ஆடியது. தெளிவாக ஜெயித்தது. அதற்கு முகம் இல்லை, எதிரிகளின் முகத்தையும் அது பார்க்கவில்லை. எந்தச் சீட்டுக்கு எத்தனை முறை பொய் சொல்லலாம் என்ற விகிதம் மட்டும் அதனிடம் இருந்தது. வீட்டில் ஆடும்போது நிலைமை வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அண்ணன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். அவனோடு ஆட எனக்குக் கணக்கு தேவைப்பட்டதில்லை.

உதாருக்கும் சந்தேகத்துக்கும் விலை போடுவதை ரிக்கி தாத்தா என்பவர் 2012-ல் வெளியிட்ட ‘கூ’ சீட்டாட்டம் பதினைந்து சீட்டில் செய்துவிடுகிறது. (தாத்தா அவருடைய குடும்பப் பெயர், வயதல்ல.) ஐந்து பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்று பிரதி, ஆளுக்கு இரண்டு சீட்டு. “நான் பிரபு” என்று சொல்லி மூன்று காசு எடுக்கலாம். பிரபு சீட்டு கையில் இருந்தாக வேண்டும் என்றில்லை. யாராவது “காட்டு பார்க்கலாம்” என்று சவால் விட்டால்தான் வம்பு. பொய்யென்றால் சொன்னவர் ஒரு சீட்டை இழப்பார், மெய்யென்றால் சவால் விட்டவர் இழப்பார். இரண்டு சீட்டும் போனால் ஆட்டத்தை விட்டே வெளியே. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. உண்மையென்று நிரூபித்தவர் காட்டிய அந்தப் பிரபுச் சீட்டைக் கட்டில் கலந்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். காட்டியதால் கசிந்த செய்தியை உடனே துடைத்துவிடுகிறது அந்த விதி. அது இல்லாவிட்டால் ஒரு சவாலுக்குப் பிறகு அவர் கையில் பாதி எல்லோருக்கும் திறந்த புத்தகம்.

இதுவரை சொன்னதில் ரகசியம் சீட்டில் இருந்தது. மாஃபியாவில் அது ஆளிடம் போய்விடுகிறது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் மாணவராக இருந்த திமித்ரி டேவிடாஃப் 1980-களின் பிற்பாதியில் உருவாக்கிய ஆட்டம். பலகை வேண்டாம், காய் வேண்டாம். 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் மனிதன் வேடம் போட்டார், இணையத்தோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. சிறு கும்பலுக்கு யார் யார் என்று தெரியும். பெரும் கூட்டத்துக்குத் தெரியாது. இரவில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது கும்பல் ஒருவரைக் கொல்லும். பகலில் எல்லோரும் வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். ஊரார் எண்ணிக்கைக்குக் கும்பல் சமமாகிவிட்டால் கும்பலுக்கு வெற்றி.

ஏழு பேர், அதில் கும்பல் ஆள் ஒருவர், ஆட்டம் பகலில் தொடங்குகிறது. ஊரார் எதையும் யோசிக்காமல் சீட்டுக் குலுக்கி ஆளை வெளியேற்றினாலும் 35-க்கு 19 தடவை ஊர் ஜெயிக்கும். கும்பலில் இன்னொருவரைச் சேருங்கள், அதே ஏழு பேர்தான். ஊர் ஜெயிப்பது 35-க்கு 8 ஆகச் சரிந்துவிடும். ஒருவரை ஒருவர் அறிந்த இருவர், அறியாத ஐவரைவிட அவ்வளவு வலியவர்கள். பிரேவர்மன், எத்தெசாமி, மொசெல் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பறிவாளர் என்ற தனி வேடம் யாருக்கும் இல்லாத ஆட்டம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டுமானால் கும்பலின் அளவு மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். நூறு பேர் கொண்ட ஊரைக் கலங்கடிக்கப் பத்து இருபது பேர் போதும், பாதி தேவையில்லை.

மாஃபியாவின் முதல் பகல் எனக்கு எப்போதும் ராஜா ராணி ஆட்டத்தைத்தான் நினைவுபடுத்தும். ஒரு கசிவும் இல்லை. “நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்?”, “நீ ஏன் இவ்வளவு பேசுகிறாய்?” என்று இரண்டு குற்றச்சாட்டும் ஒரே நேரத்தில் ஓடும். யாரோ ஒரு பாவம் வெளியேறி அடுத்த முக்கால் மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். பிறகு வாக்குகள் சேரச் சேரத்தான் ஆட்டம் பிறக்கிறது. யார் யாரைக் காப்பாற்ற வாக்களித்தார், யார் கடைசி நொடியில் கட்சி மாறினார் என்பதெல்லாம் அழியாத தடயம்.

டான் எஸ்க்ரிட்ஜ் 2009-ல் கொண்டுவந்த ‘த ரெசிஸ்டன்ஸ்’ இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துத் தீர்த்தது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஐந்து பேரில் இருவர் உளவாளிகள். ஐந்து பணிகள், மூன்றில் ஜெயித்த பக்கம் வென்றது. ஒவ்வொரு பணிக்கும் சிலரைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் வெளிப்படையாக வாக்களிப்பார்கள். போனவர்கள் ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ சீட்டைக் கவிழ்த்துக் கொடுக்க, அவற்றைக் கலந்து திறக்கிறார்கள். எத்தனை தோல்விச் சீட்டு என்பது தெரியும், யாருடையது என்பது தெரியாது. இரண்டு பேர் போன முதல் பணியில் ஒரு தோல்விச் சீட்டு விழுந்தால் அந்த இருவரில் ஒருவராவது உளவாளி. இருவருமே உளவாளியாக இருந்து ஒருவர் மட்டும் அடக்கி வாசித்திருக்கவும் கூடும். க்ளூடோவில் சித்தப்பா காட்டிய சீட்டைப் போன்ற அதே அரைகுறைச் செய்தி. தேர்ந்த உளவாளி முதல் பணியில் வெற்றிச் சீட்டுதான் போடுவார். ஒரு பணி போனால் போகட்டும், நம்பிக்கை மிஞ்சும்.

2012-ல் வந்த அதன் தம்பி ‘அவலான்’ ஒரு படி மேலே போனது. நல்லவர் பக்கத்தில் மெர்லின் என்று ஒருவர், அவருக்குக் கெட்டவர்கள் யாரென்று தெரியும். நல்லவர்கள் மூன்று பணியை வென்றாலும் ஆட்டம் முடியாது. கெட்டவர்கள் மெர்லின் யாரென்று சரியாகக் காட்டிவிட்டால் நல்லவர்களின் வெற்றி தட்டிப்பறிபோகும். ஆக, உண்மை தெரிந்தவர் அதைச் சொல்லியும் ஆக வேண்டும், சொன்னது தெரியாமலும் இருக்க வேண்டும். கூனின் ராஜாவுக்கு நேர்ந்த அதே இக்கட்டு இது.

இதையெல்லாம் மேலைநாட்டுப் பெட்டிகளில்தான் தேட வேண்டும் என்றில்லை. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஆடும் 304 என்ற சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 32 சீட்டு, இரண்டிரண்டு பேராகக் கூட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிக்கொண்டே போனால் ஓர் இனத்துக்கு (இஸ்பேட், ஆட்டின் போன்ற சீட்டு வகை) 76, நான்கு இனத்துக்கு 304. கேள்வி கேட்டு, அதாவது ஏலத்தில், வென்றவர் தன் துரும்பை (மற்ற இனங்களை வெட்டும் இனத்தை) சொல்வதில்லை, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். என்ன இனம் என்று அவருடைய கூட்டாளிக்கே தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டையும் கவிழ்த்தே போட வேண்டும். அது துரும்பு வெட்டா, வெறும் கழிவா என்பது போட்டவருக்கே தெரியாது. ஆளுக்கொரு சீட்டு விழுந்து ஒரு பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் கவிழ்ந்தவற்றை எடுத்துப் பார்க்கிறார். துரும்பு விழுந்திருந்தால் அவர் திறந்து காட்டியாக வேண்டும். திறக்காவிட்டால், விழுந்தது துரும்பில்லை என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். கவிழ்த்துப் போட்டவர் மட்டும் கூடுதலாக இன்னொன்றும் தெரிந்துகொள்வார்: தான் போட்ட இனம் துரும்பில்லை. பெட்டியும் விதிப் புத்தகமும் இல்லாமல் திண்ணையில் வளர்ந்த ஆட்டத்தில் இவ்வளவு நுணுக்கமான கசிவு.

சென்ற கோடை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ராஜா ராணி சீட்டு எழுதிக் கொடுத்தேன், மந்திரியைச் சேர்த்து. ஒரே ஒரு விதி கூட்டினேன். சீட்டு எடுத்ததும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், திருடன் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், மந்திரி மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கலாம். பிறகு இரண்டு நிமிடம் பேச்சு. போலீஸ் திருடனைப் பிடித்துவிட்டாலும், மந்திரி யார் என்று திருடன் சரியாகச் சொன்னால் மதிப்பெண் திருடனுக்கு.

முதல் சுற்றிலேயே மந்திரியாக வந்த ஒன்பது வயதுக்காரி கண்ணைத் திறந்ததும் “அய்யய்யோ, இவனா!” என்று கத்திவிட்டாள். ஆறாவது சுற்றில் அவளுக்கு மறுபடி மந்திரி. இம்முறை ராஜாவைக் கைகாட்டி, “இவன்தான் திருடன், கையைப் பாரு, நடுங்குது” என்று அடம்பிடித்தாள். போலீசான அண்ணன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். “இவள் இவ்வளவு உறுதியாகச் சொன்னால் அவன் இல்லை” என்று ராஜாவை விட்டுவிட்டு, மீதி இருவரில் சரியாகத் திருடனைப் பிடித்தான். திருடன் விரலை நீட்டி மந்திரி என்று காட்டியது ராணியை. இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் யாரும் எழுந்து வரவில்லை.